சாயக்காரர் தொட்டியில் இறங்கிய ஞாயிறு

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரில் கம்பளி நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. நீராவி வெளியே போக வேண்டுமே என்று அதன் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். அதனால் அங்கே இன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது, மதியத்துக்கு என்ன சமையல், புருஷன் பெண்டாட்டியில் யார் யாரிடம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆள் வராத நேரத்தில் எதிர்வீட்டைப் பார்ப்பது பாவமென்றால், எனக்கு மன்னிப்பே கிடையாது.

பட்டறையின் பின்கட்டில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி உண்டு. சாயம் ஏறிய நூலைக் கடைசியாகப் போட்டு அலசுகிற தொட்டி. நெஞ்சளவு ஆழம், இறங்குவதற்கு நான்கு படிகள், பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பி. வருடம் முழுக்க அதில் நூல் குளிக்கும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதர்கள் குளிப்பார்கள். இப்படிச் சொன்னால் சாயக்காரர் மனைவிக்குப் பிடிக்காது.

"ஞானஸ்நானம்னு சொல்லுங்க தம்பி. குளிக்கறதெல்லாம் அவங்கவங்க வீட்லயே குளிச்சிட்டுத்தான் வருவாங்க" என்பார்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுகிறேன். நான் அவர்களுடைய சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் சபையில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டுவிட்டவன் என்பதால் எந்த விசேஷத்துக்கும் எனக்கு அழைப்பு உண்டு. அழைப்பு இல்லாவிட்டாலும் போவேன். முழுக்கு முடிந்ததும் அக்கா வைக்கிற சூப் அப்படி.

எங்கள் ஊர்ச் சபை பிறந்ததே இந்தத் தொட்டியில்தான். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு தச்சர், ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு தபால்காரர், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற ஒரு விதவை என்று நாலே நாலு வீடு. உடம்பு முழுக்கத் தண்ணீரில் அமிழ்ந்து எழுந்தால்தான் ஞானஸ்நானம் என்று நம்பியவர்கள். ஊரில் ஆறில்லை. இப்போதைய சாயக்காரரின் அப்பாவிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். அவருக்குச் சாமி சமாச்சாரம் எதிலும் பிடிப்பு கிடையாது. "ஞாயித்துக்கிழமை தொட்டி சும்மாதானே கிடக்கு, இறங்கிக்கோங்க. போகும்போது படியைக் கழுவி விட்டுடுங்க" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் சபை நிற்கிறது என்று பாஸ்டரே பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு எழுபது பேர். மார்க்கெட் பின்னால் தகரக்கூரை போட்ட சொந்தக் கட்டடம். ஆனால் முழுக்குக்கு மட்டும் எல்லோரும் இங்கேதான் வருவார்கள்.

அந்த நாலு வீட்டுக்காரர்கள் ஒரு விதியும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீரில் இறங்குகிறவர் முழுகுவதற்கு முன்னால், தொட்டிக்குள் நின்றபடியே, சபையைப் பார்த்துத் தன் கதையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டு வந்து படிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சின்னதாக இருக்கலாம், ஆனால் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும்.

சாயக்காரருக்கு வினை அங்கேதான் இருந்தது.

அவர் வாயிலிருந்து மொத்தமே மூன்று வார்த்தைகள்தான் வரும். 'ம்', 'சரி', 'பாக்கலாம்'. எதிரே பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் எழுதினால் விலாசத்துக்கு இடம் மிஞ்சும். நான்கு பேர் சேர்ந்தாற்போல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், கழுத்து சிவந்துவிடும், தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீசில் 'சம்மதமா?' என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் தலையை ஆட்டியிருக்கிறார். வாயால் சொல்ல வேண்டும் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொன்னதும், "அவருக்குச் சம்மதம்தாங்க, எனக்குத் தெரியும்" என்று அக்காதான் சொன்னாராம்.

அதற்காக நம்பிக்கை இல்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஞாயிறு தவறாமல் போவார். கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருவார். சபையின் ஒழுகும் கூரை, ஓடாத விசிறி, ஆடும் மேஜை எல்லாம் அவர் பொறுப்பு. வருடா வருடம் தொட்டியைத் தேய்த்து, பாய்லரிலிருந்து வெந்நீர் கலந்து, யாரும் குளிரில் நடுங்காதபடி தண்ணீரைப் பதம் பார்த்து, துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டு ஓரமாக நிற்பார். ஊரையெல்லாம் இறக்கிவிட்டவர், தான் மட்டும் இறங்கவில்லை.

இதில் அக்காவுக்கு இருந்த வலியை ஒருநாள் கண்ணாடிக் காம்பை மாற்ற வந்தபோது என்னிடம் சொன்னார்.

"மாசத்துக்கு ஒருதடவை திருவிருந்து தம்பி. அப்பத் தட்டு பெஞ்சு பெஞ்சா வரும். முழுக்கு எடுத்தவங்கதான் எடுத்துக்கலாம். இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல பக்கத்துல உட்காந்திருக்கோம். வீட்ல ஒரே பாத்திரத்துல போட்டு ரெண்டு பேரும் சாப்பிடுவோம். அங்க மட்டும் என் கை நீளும், அவரு கை மடியிலயே கிடக்கும். தட்டு அவரைத் தாண்டிப் போகும்போது நான் அவரு முகத்தைப் பாக்கறதில்ல. பாத்தா எனக்கு அப்பம் தொண்டையில இறங்காது."

"கேட்டுப் பாத்தீங்களாக்கா?"

"கேக்காத வருஷம் உண்டா? 'பாக்கலாம்'பாரு."

இப்படியே போயிருக்கும். சபைச் செயலாளர்தான் காரியத்தைக் கிளப்பிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். டீ குடிப்பதாக இருந்தாலும் "தீர்மானம் போட்டுடலாம்" என்பார். அதனால் சபை முழுக்க அவருக்கு 'தீர்மானம்' என்றுதான் பெயர். பெயர் அவருக்கு மட்டும் தெரியாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, சபைக் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளை டைல்ஸ் பதித்த புதுத் தொட்டி கட்டுவது, பின்னால் திரை, பக்கவாட்டில் விளக்கு, சாட்சி சொல்கிறவர் முன்னால் மைக் என்று தீர்மானம் போட்டு நிறைவேற்றியும் விட்டார். சாயப்பட்டறையில் இந்த வருடம்தான் கடைசி முழுக்கு. அடுத்த மாதம் கொத்தனார் வருகிறார்.

அன்று மதியம் சாப்பிடும்போது சாயக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "இந்த வருஷம் நானும் இறங்கறேன்" என்றிருக்கிறார்.

அக்கா கையில் கரண்டியோடு தெருவைக் கடந்து என் கடைக்குள் ஓடி வந்தார்.

"தம்பி! சொல்லிட்டாரு தம்பி! அவரே சொன்னாரு, நான் கேக்கவே இல்ல!"

"என்னாச்சு திடீர்னு?"

"'இறங்கறதா இருந்தா நம்ம தொட்டிதான். அங்க டைல்ஸ் போட்டு மைக் வேற வெப்பாங்க. அந்தப் பக்கம் நான் ஜென்மத்துக்கும் இறங்கமாட்டேன்'னாரு. இவ்வளவு நீளமா அவரு பேசியே நான் கேட்டதில்ல."

"அப்போ தீர்மானத்துக்குத்தான் நன்றி சொல்லணும்."

"யாருக்கு வேணா சொல்றேன். இந்த ஞாயிறு மட்டும் ஒழுங்கா நடந்துடட்டும். இதை விட்டா அவரைப் பிடிக்க முடியாது."

அந்த வாரம் குளிர்காற்று. மழை விட்டு நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. பட்டறையில் ஆயிரம் ஸ்வெட்டருக்கான கருநீல நூல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய அண்டாக்களில் சாயம் தளதளவென்று கொதிக்க, சாயக்காரர் மரக்கழியில் நூல் சுருள்களை மாட்டி முக்கியும் திருப்பியும் எடுப்பார். முழங்கை வரைக்கும் நீலம். அவர் கைக்கு எப்போதும் ஏதாவதொரு நிறம் உண்டு என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அக்கா நூலை அலசி, மெஷினில் போட்டுப் பிழிந்து, மாடியில் கொடியில் போடுவார். வியாழக்கிழமை ஒரு கண்ணாடியைக் கொடுக்கப் போனவனை அக்கா வாயில் விரலை வைத்து மாடிப்படியிலேயே நிறுத்தினார்.

மேலே, தொங்குகிற நூல்களுக்கு நடுவில் சாயக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"சகோதரர்களே..." என்றார். ரொம்ப நேரம் சத்தமில்லை. "சகோதரிகளே..." மறுபடியும் சத்தமில்லை. ஈர நூலிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கடைசியில் பெருமூச்சோடு, "ம்" என்றார்.

"நேத்து 'சகோதரர்களே'யோட நின்னுட்டாரு. இன்னைக்கு சகோதரிகளும் வந்தாச்சு" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தார். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

வெள்ளிக்கிழமை நீலம் முடிந்தது. சனிக்கிழமை அக்கா முழுப் பட்டறையையும் தலைகீழாகப் புரட்டிக் கழுவினார். தரையை, சுவரை, அண்டாக்களின் வெளிப்பக்கத்தை, பாய்லர் மேடையை, கதவிடுக்கை. தொட்டியை மட்டும் மூன்று தடவை தேய்த்தார். மூன்றாவது தடவை தேய்க்கும்போது சாயக்காரர் வந்து பார்த்து, "போதும்" என்றார். அக்கா கேட்கவில்லை. சுவரில் இரண்டு கொக்கிகளில் இரண்டு ரப்பர் குழாய்கள் தொங்கும். இடது பக்கம் நல்ல தண்ணீர்க் குழாய். வலது பக்கம், அண்டாவில் மிஞ்சிய சாயத்தை வெளியேற்றுகிற குழாய். இரண்டும் பழசாகிக் கறுத்து அண்ணன் தம்பி போல இருக்கும். மாட்டியிருக்கும் கொக்கியை வைத்துத்தான் அடையாளம். நல்ல குழாயைச் சாயத்தில் வைக்கக் கூடாது, சாயக் குழாயை நல்ல தண்ணீரில் வைக்கக் கூடாது. சாயக்காரர் மற்ற எதற்கும் வாய் திறக்காவிட்டாலும் இதற்கு மட்டும் திறப்பார். அக்கா அன்றைக்குச் சுவரைத் தேய்க்க அந்த இரண்டையும் கழற்றிக் கீழே போட்டார். சுவர் பளபளவென்று ஆனதும் திரும்ப மாட்டினார். மாற்றி மாட்டிவிட்டார்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே எழுந்து, சாயக்காரர் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே, இடது கொக்கிக் குழாயை எடுத்துத் தண்ணீர்ப் பைப்பில் மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் போட்டுத் திறந்துவிட்டார். அவரைக் கேட்டால் 'பாக்கலாம்' என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவது காலை எட்டு மணி வரைதான். தொட்டி நிறைய இரண்டரை மணி நேரம் ஆகும். வெளிச்சம் சரியாக வராத பின்கட்டில், பழைய கறைகளால் கறுத்த சிமெண்டுக்குள் விழுந்த தண்ணீரின் நிறம் யாருக்குத் தெரியும்? பாய்லர் வெந்நீரையும் கலந்துவிட்டு, சூப்புக்குக் காய் நறுக்கப் போய்விட்டார்.

எட்டரை மணிக்கு வெயில் கூரைக் கண்ணாடி வழியாகத் தொட்டிக்குள் இறங்கியபோது நான் அங்கே இருந்தேன். சூப் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத்தான் போயிருந்தேன். எலும்பும் காரட்டும் மிளகும் கொதிக்கிற வாசனையில் சொக்கி நின்றவனை அக்காவின் அலறல் உலுக்கியது.

"ஐயோ! தம்பி, இங்க வந்து பாருங்க! எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதா? கண்ணாடியில ஏதாச்சும் கோளாறா?"

கண்ணாடியில் கோளாறு இல்லை. தொட்டி நிறைய இளநீலத் தண்ணீர், அடிவரைக்கும் தெளிவாக, வெயிலில் தகதகவென்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. அதை அப்போது சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அக்கா குழாயைத் தூக்கிப் பார்த்தார். அதன் வாயில் கருநீலம் கோடாக வழிந்திருந்தது. சுவரைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானேதான். நானே என் கையால கெடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்துட்டு, ஒரு சுவத்தைத் தேய்க்கப் போயி..."

"வேற தண்ணி பிடிக்கலாமேக்கா."

"எங்க இருக்கு? குழாய் நின்னாச்சு. இருக்கற தண்ணியெல்லாம் இதுக்குள்ள ஊத்தியாச்சு."

அதற்குள் வாசலில் பாட்டுச் சத்தம். சபை வந்துகொண்டிருந்தது.

பாஸ்டர் முதலில் வந்தார். எங்கள் பாஸ்டர் வாட்டசாட்டமான ஆள். நெஞ்சு வரைக்கும் வெள்ளை வெளேரென்ற தாடி. அதைத் தினமும் சீவி வைப்பார் என்பது ஊரறிந்த ரகசியம். பின்னாலேயே செயலாளர். அவருக்குப் பின்னால் அன்றைக்கு இறங்க வேண்டிய இன்னொருவரான பழைய பஸ் டிரைவர், புது வெள்ளை அங்கியும் முறுக்கிய வெள்ளை மீசையுமாக, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சாட்சியைத் தயார் செய்து வந்திருக்கிறாராம், சுருக்கமாக முக்கால் மணி நேரம்தானாம். அப்புறம் ரொட்டிக்கடை வீட்டார் பன் கூடைகளோடு, பெண்கள் அவித்த முட்டைச் சட்டிகளோடு, எல்லோரும் வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பாட்டு பாதியில் நின்றது.

"என்ன சிஸ்டர் இது?" என்றார் செயலாளர்.

அக்கா எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல், கொக்கி முதல் குழாய் வரை சொல்லி முடித்தார். அக்கா அப்படித்தான். கடன்காரன் வந்தால்கூட 'வீட்டில் இல்லை' என்று சொல்லத் தெரியாதவர்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "மனுஷனுக்குத் தப்பு சகஜம். வெள்ளை அங்கி போட்டு நீலத் தண்ணியில முக்கினா நல்லாவா இருக்கும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அடுத்த மாசம் நம்ம டைல்ஸ் தொட்டி ரெடியாயிடும். அங்கேயே அழகா வெச்சுக்கலாம். தீர்மானம் போட்டுடலாம்."

"நான் இப்பவே ரெடிங்க. பஸ்ஸு லேட்டாகலாம், டிரைவர் லேட்டாகக் கூடாது" என்றார் டிரைவர்.

பாஸ்டர் தாடியைத் தடவினார். "அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா அங்கி பாழாயிடும்னா..."

அக்கா யாரையும் பார்க்கவில்லை. சமையல் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அடுத்த மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருக்கும் எனக்கும்.

அப்போது சாயக்காரர் உள்ளேயிருந்து வந்தார். வெள்ளை அங்கியில் இருந்தார். வழுக்கைத் தலையில் நன்றாக எண்ணெய் தேய்த்து, கன்னமெல்லாம் சவரம் செய்த கீறல். கூட்டம் விலகி வழிவிட்டது. தொட்டியைப் பார்த்தார். கொக்கிகளைப் பார்த்தார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அங்கேதான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

பிறகு மண்டியிட்டு ஒரு கை தண்ணீரை அள்ளினார்.

"பிரதர், நீங்கதான் சொல்லணும். இது ஒட்டுமா, ஒட்டாதா?" என்றார் செயலாளர்.

சாயக்காரர் எட்டிச் செயலாளரின் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவினார். தண்ணீரில் முக்கினார், பிழிந்தார், உதறிக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது.

"இது கம்பளிச் சாயம். பருத்தி இதைச் சீண்டவே சீண்டாது. கம்பளியிலயே ஏறணும்னா சும்மா ஏறாது, தண்ணியில புளிப்பு சேக்கணும், ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். இது வெதுவெதுப்புதான். அதுவும் குழாயில மிஞ்சினது, மிஞ்சிப்போனா ஒரு சொம்பு இருக்கும். தொட்டித் தண்ணி மூவாயிரம் லிட்டர். உங்களுக்கு நீலமா தெரியறதே வெயில் படறதாலதான். நிழல்ல பாத்தீங்கன்னா..."

பேசிக்கொண்டே படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார். எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். சாயம் ஒட்டுமா ஒட்டாதா என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. இந்த மனிதர் எழுபது பேர் முன்னால் தடங்கலே இல்லாமல் பேசுகிறாரே!

"...அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஒட்டாது" என்று முடித்தார். அப்போது நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க..." என்று அக்கா ஏதோ சொல்ல வந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்டர் விவரமான ஆள். சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் தொட்டிக்குள் இறங்கி, சாயக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"பிரதர், தண்ணியப் பத்தி சொல்லிட்டீங்க. அப்படியே இந்தப் பக்கம் திரும்பி, உங்களைப் பத்தியும் சொல்லிடுங்க" என்றார் மெதுவாக.

அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது சாயக்காரருக்கு உறைத்தது. கழுத்து சிவந்தது. சிவப்பு காது வரைக்கும் ஏறியது. சுற்றி எழுபது முகங்கள். யாரோ இருமினார்கள். நான் சூப்பை மறந்தேன். அக்காவின் உதடு அசைந்தது. எடுத்துக்கொடுக்கக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி..." என்றார் சாயக்காரர். நின்றுவிட்டது. தண்ணீரைக் கையால் அளைந்தார். தண்ணீர் கொஞ்சம் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த பாய்லர் மேடையில இருந்து விழுந்தேன். கால் ரெண்டு இடத்துல போச்சு. அஞ்சு மாசம் படுக்கை. பட்டறையை மூடியிருக்கணும். மூடலை. நீங்கதான் முறை போட்டு வந்து ஓட்டினீங்க. ஒருத்தருக்கும் வேலை தெரியாது. தீர்மானம் ஐயா..."

"என்னது?" என்றார் செயலாளர்.

சபை மொத்தமும் தரையைப் பார்த்தது. பாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"போஸ்ட் மாஸ்டர் ஐயா" என்று திருத்திக்கொண்டார் சாயக்காரர். "ஐயா ஒருநாள் சிவப்பு போட வேண்டிய நூலுக்குப் பச்சை போட்டுக்கிட்டிருந்தாரு. நான் ஜன்னல் வழியா பாக்கறேன். நாப்பது கிலோ நூலு. கத்தணும், கூப்பிட்டு நிறுத்தணும். எனக்கு வாய் வரலை. ஐயா சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, வேர்வை ஊத்த ஊத்த, பாட்டுப் பாடிக்கிட்டே, தப்பான நிறத்தை அவ்வளவு அக்கறையா கலக்கிக்கிட்டிருந்தாரு. நூலு போச்சேன்னு எனக்குக் கோபம் வரணும். வரலை. அழுகைதான் வந்துச்சு. இயேசு எப்படி இருப்பாருன்னு யாராச்சும் கேட்டா, எனக்கு இன்னைக்கும் அதுதான் ஞாபகத்துக்கு வரும்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்குட்டை தேடினார். அது ஈரமாகத் தொட்டி ஓரத்தில் கிடந்தது.

"அன்னைக்கே நான் நம்பிட்டேன். உங்க எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எட்டு வருஷமா அது தொண்டையிலயே நின்னுடுச்சு." அக்காவைப் பார்த்தார். "இவ கேட்டுக்கிட்டே இருந்தா. நான் பாக்கலாம், பாக்கலாம்னு... இவ பக்கத்துல உட்காந்து சும்மா இருக்கறது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப சொல்லிட்டேன்." பாஸ்டர் பக்கம் திரும்பினார். "முக்குங்க பாஸ்டர், மறுபடியும் பயம் வர்றதுக்குள்ள."

பாஸ்டர் முக்கினார். வழுக்கைத் தலை நீலத்துக்குள் போய், தண்ணீர் வழிய மேலே வந்தது. சபை பாடியதில் கூரைக் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா பாடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது என்பதை ஒளிக்க என்ன இருக்கிறது?

அதன்பின் டிரைவர் இறங்கி, சொன்னபடியே முக்கால் மணி நேரம் பேசினார். பஸ் ஓடிய ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டு வந்தார். பாஸ்டர் அவ்வளவு நேரமும் நெஞ்சளவு தண்ணீரில், தாடி மிதக்க, பொறுமையாக நின்றார். அங்கிகள் வெள்ளையாகவே மேலே வந்தன. செயலாளர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "சொன்னாரே, ஒட்டலையே! தொழில் தெரிஞ்சவர்னா அவர்தான்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கேயே, நூல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து, திருவிருந்து நடந்தது. ரொட்டிக்கடை வீட்டார் கொண்டுவந்த ஒரு முழு ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்து அனுப்பினார்கள். தட்டு அக்காவிடம் வந்தது. அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தட்டைப் பக்கத்தில் நீட்டினார். ஈரக் கை ஒன்று நீண்டு எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை அக்கா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு சூப் வந்தது. நான் மூன்று கிண்ணம் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து பலகையைக்கூட எடுத்து வைக்கவில்லை, டிரைவர் வந்து நின்றார்.

"கண்ணாடி பாக்கணும் தம்பி."

"பவர் கூடிடுச்சா?"

"அந்தக் கண்ணாடி இல்லப்பா. முகம் பாக்கற கண்ணாடி. வீட்ல சொல்றது எதையும் நான் நம்பறதில்ல. நீ சொல்லு, என் மீசை என்ன நிறம்?"

காலை வெளிச்சத்தில் மீசை இளநீலமாக இருந்தது. முறுக்கிவிட்ட நுனி இன்னும் கொஞ்சம் அடர்த்தி.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். பொய்யில்லை. டிரைவர் இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, ஒருமாதிரி திருப்தியோடு போய்விட்டார். நான் பலகையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

பட்டறையில் அக்கா அப்போதுதான் போனை வைத்தார்.

"பாஸ்டரம்மா பேசினாங்க. ரெண்டு தடவை சோப்புப் போட்டாங்களாம். தாடி ஆகாயம் மாதிரி இருக்காம். பாஸ்டர் கோபப்படலை, பேரப்பிள்ளைங்க வந்து வந்து தொட்டுப் பாக்குதுங்க, விட்டுடுன்னாராம்." அண்டாவைக் கலக்கிக்கொண்டிருந்த சாயக்காரர் பக்கம் திரும்பினார். "என்னங்க, கம்பளின்னா என்ன?"

"ம்?"

"ஆட்டு முடி. முடியைப் பிடிக்கற சாயம் தாடியை விட்டுடுமா? மீசையை விட்டுடுமா? ஏறக் கொதிக்கணும், புளிப்பு வேணும்னு கதை விட்டீங்களே, நரைச்ச முடிக்கு அதெல்லாம் வேண்டாம்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கே தெரியுமே!"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ஒட்டாதுன்னு சொன்னீங்களா? சபை முன்னாடி? பாஸ்டர் முன்னாடி?"

"ஆமா."

"அது பொய்தானே?"

சாயக்காரர் கழியை அண்டா விளிம்பில் சாய்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"பொய்தான். ஆனா முழுகறதுக்கு முன்னாடி சொன்னது. மத்ததோட சேந்து அதுவும் தண்ணியில போயிடுச்சு. எனக்கு இப்ப ஒரு பாரமும் இல்ல" என்றார். "நீதான் எல்லாம் தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கிட்டு நின்ன. நீ முழுகி இருபத்து மூணு வருஷம் ஆச்சு. உன்னோடதை எங்க கொண்டுபோய்க் கரைக்கறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

அக்கா கையிலிருந்த ஈர நூலை அவர் மேல் விட்டெறிந்தார். எறிந்த கையோடு, சிரிப்பு தாங்காமல் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.